ஒரே ஷாட்டா? அதிருக்கட்டும், காதில் என்ன விழுந்தது?

உலக சினிமா பார்க்கத் தொடங்கிய ஆறாவது மாதம் எல்லோருக்கும் ஒரு வியாதி வருகிறது. கையில் ஸ்டாப்வாட்ச் முளைத்துவிடும். "மச்சி, மூணரை நிமிஷம்டா! ஒரே ஷாட்டு! நடுவுல ஒரு கட் கூட இல்ல!" என்று கண்கள் விரிய ஆரம்பிப்பார்கள். சரி, அந்த மூணரை நிமிஷத்தில் என்ன சத்தம் கேட்டது என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பேந்தப் பேந்த விழிப்பார்கள். ஏதோ பின்னணி இசை இருந்தது என்பார்கள். அவ்வளவுதான்.

ஒரு படத்தின் முதல் சில நிமிடங்களைக் கட்டுவது மூன்று பேர். கேமரா, ஒலி, எடிட்டிங். இதில் கேமராவுக்கு மட்டும் ஆளுயர மாலை. ஒலியும் கத்தரியும் கல்யாண மண்டப வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கின்றன. விமர்சனம் எழுதுகிறவர்கள் இப்படி, குறும்படம் எடுக்கிறவர்கள் இப்படி, படம் பார்த்துவிட்டு டீக்கடையில் பேசுகிறவர்களும் இப்படி.

இதில் என்ன குடி முழுகிப் போச்சு, ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லலாம். குடி முழுகித்தான் போனது. தொடக்கக் காட்சியில் ஒலி வெறும் அலங்காரம் என்று நினைத்த ஒரு ஸ்டுடியோ, ஒரு இயக்குநரின் தொடக்கத்தை எடுத்து வேறொன்றாக மாற்றியது. நாற்பது வருடம் உலகம் அந்த மாற்றப்பட்ட தொடக்கத்தைத்தான் பார்த்துப் புகழ்ந்துகொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஸ்டாப்வாட்ச் கோஷ்டியின் குலதெய்வமே அந்தப் படம்தான்.

குண்டு வைத்த கார்

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்', 1958. ஒளிப்பதிவு ரஸ்ஸல் மெட்டி. அமெரிக்க, மெக்சிக எல்லையில் ஒரு ஊர். (எடுத்தது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள வெனிஸில்.)

முதலில் இரண்டு கைகள். கையில் டைமர் பொருத்திய வெடிகுண்டு. முள்ளைத் திருப்பி வைக்கிறான் ஒருவன். ஒரு ஆணும் பெண்ணும் சிரித்துக்கொண்டே வரும் சத்தம். அவன் ஓடிப்போய் ஒரு திறந்த காரின் டிக்கியில் குண்டை வைத்துவிட்டு மறைகிறான். ஜோடி வந்து ஏறுகிறது, கார் கிளம்புகிறது. கிரேனில் இருக்கும் கேமரா கட்டடத்துக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, தெருவில் காரைப் பிடிக்கிறது. கார் போகிறது, நிற்கிறது, மறுபடி போகிறது. நடுவில் ஆட்டு மந்தை, தள்ளுவண்டி, போலீஸ்காரர். இதற்குள் இன்னொரு ஜோடி நடந்து வருகிறது. மெக்சிக அதிகாரி வர்காஸ் (சார்ல்டன் ஹெஸ்டன்), அவருடைய புது மனைவி சூசன் (ஜேனட் லீ). ஐஸ்கிரீம் சோடா சாப்பிடக் கிளம்பிய புதுமணத் தம்பதி. சில சமயம் கார் அவர்களை முந்துகிறது, சில சமயம் அவர்கள் காரை முந்துகிறார்கள். எல்லைச் சாவடியில் இரண்டு ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில். காரில் இருக்கும் பெண் தலைக்குள் ஏதோ டிக் டிக் என்று கேட்கிறது என்கிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கார் நகர்ந்து படத்தை விட்டு வெளியே போகிறது. வர்காஸ் மனைவியை முத்தமிடக் குனிகிறார். வெடிச் சத்தம். அப்போதுதான் முதல் கட். எரிகிற கார்.

மொத்தம் சுமார் 3 நிமிடம் 20 வினாடி. இது சாதனைதான், மறுப்பதற்கில்லை. குண்டு வைக்கும்போது கேமரா கண்ணை மூடவில்லை, வெடிக்கும் வரை திறந்தே இருக்கிறது. நடுவில் ஒரு கட் இருந்தால், அந்த இடைவெளியில் நேரத்தைக் கொஞ்சம் திருடியிருப்பார்களோ என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். கட் இல்லாததால் டைமரின் நேரமும் பார்க்கிறவரின் நேரமும் ஒன்று. ஒரே ஷாட்டுக்கு இங்கே காரணம் இருக்கிறது. இதுவரை ஸ்டாப்வாட்ச் கோஷ்டியோடு சண்டை இல்லை.

சண்டை இனிமேல்தான்.

ஸ்டுடியோ செய்த வேலை

படம் எடுத்து முடித்தபின் யுனிவர்சல் ஸ்டுடியோ படத்தை வெல்ஸ் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. வேறொரு இயக்குநரை வைத்துச் சில காட்சிகளைக் கூடுதலாக எடுத்துச் சேர்த்தது. 1957 டிசம்பரில் அவர்கள் வெட்டிய படத்தைப் பார்த்த வெல்ஸ், ஸ்டுடியோ தலைமைக்கு 58 பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் காட்சி எங்கே வர வேண்டும், எங்கே எந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று காட்சி காட்சியாக. கெஞ்சலும் இல்லாமல் திட்டும் இல்லாமல், தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனுக்கு எழுதும் தொனியில். அதில் சிலவற்றை ஏற்றார்கள், பலவற்றை விட்டார்கள்.

தொடக்கக் காட்சிக்கு வெல்ஸ் நினைத்தது இதுதான். அதன் மேல் டைட்டில் எழுத்து கூடாது. தனியாகப் பின்னணி இசை கூடாது. எல்லை ஊர் ராத்திரியில் என்ன கேட்குமோ அதுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும், ஒவ்வொரு ஆட்டக் கூடத்திலும் ஒலிபெருக்கி. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாட்டு. கேமரா நகர நகர ஒரு பாட்டு தேய்ந்து அடுத்தது வளரும்.

ஸ்டுடியோ என்ன செய்தது? காட்சி முழுவதும் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களை ஓட்டியது. மேலே ஹென்றி மான்சினியின் பித்தளை வாத்தியமும் பாங்கோஸும். முடிந்தது. எப்படியும் பெயர் போட வேண்டும், மூன்று நிமிஷம் கார்தானே போகிறது, இங்கேயே போட்டுவிடலாம் என்பது கல்லாப்பெட்டிக் கணக்கு. கணக்கு சுத்தம். படம்தான் மாறிப்போனது.

வெல்ஸ் 1985-ல் இறந்தார். 1998-ல்தான் அந்த 58 பக்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தார். தொடக்கத்தில் பெயர்கள் போயின. மான்சினியின் டைட்டில் இசை போயிற்று. தெரு வந்தது.

இரண்டு வடிவங்களும் இன்று கிடைக்கின்றன. அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒரு ஃப்ரேம் கூடப் புதிதாக எடுக்கவில்லை. அதே கிரேன், அதே கார், அதே ஆடுகள். ஆனால் வேறு காட்சி!

1958 வடிவத்தில் இசை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. "இது த்ரில்லர், உஷார்" என்று முதல் அடியிலேயே சொல்லிவிடுகிறது. கண் பாதி நேரம் பெயர்களைப் படிக்கிறது. எழுத்துக்குப் பின்னால் ஒரு கார் போகிறது. தெரு வெறும் திரைச்சீலை.

1998 வடிவத்தில் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. தெருவில் பத்துப் பாட்டு கேட்கிறது. அதில் ஒன்று குண்டு வைத்த காரின் ரேடியோவிலிருந்து வருகிறது. கூர்மையான விஷயம் இதுதான். கார் படத்தை விட்டு வெளியே போனாலும் அதன் பாட்டு கேட்கிறது. பாட்டு மெலிந்தால் கார் தள்ளிப்போகிறது, பாட்டு பெருத்தால் பக்கத்தில் வருகிறது. தம்பதி சிரித்துப் பேசிக்கொண்டு நடக்கும்போது பின்னாலிருந்து அந்தப் பாட்டு மெல்ல வளர்ந்தால் வயிற்றைப் பிசைகிறது. கண் அவர்கள் மேல் இருக்கிறது, காது குண்டின் மேல் இருக்கிறது. படத்துக்கு வெளியே இருப்பதைக் கேமரா காட்ட முடியாது. காதுதான் காட்டும்.

ஆக, அந்த ஒரே ஷாட்டின் உண்மையான பலத்தை 1998 வரை தியேட்டரில் யாரும் அனுபவித்ததே இல்லை. "கேமரா, கேமரா" என்று நாற்பது வருடம் கொண்டாடியவர்கள் பாதிக் காட்சியைத்தான் கொண்டாடினார்கள்.

மான்சினி ரசிகர்களுக்கு

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். மான்சினியின் அந்த இசை அருமையானது. பாங்கோஸின் தாளமே டைமரின் டிக் டிக் மாதிரி ஒலிக்கிறது. பலருக்கு இன்றும் பழைய தொடக்கம்தான் பிடிக்கும்.

இசை அருமை என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒரு நல்ல பாட்டும் ஒரு நல்ல காட்சியும் ஒன்றாகச் சேர்ந்தால் தானாக நல்ல தொடக்கம் ஆகிவிடாது. பிரியாணி நன்றாக இருக்கிறது, பாயசம் நன்றாக இருக்கிறது, அதற்காக ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றுவார்களா? 'டச் ஆஃப் ஈவில்' எதைப் பற்றிய படம்? இரண்டு நாடு, இரண்டு சட்டம் உரசிக்கொள்ளும் எல்லை. ஒரு பக்கத்துக் குற்றம் மறுபக்கம் வெடிப்பது. தெருவின் கலவைச் சத்தம் அந்த உரசலைப் படம் தொடங்கும்போதே காதில் போட்டுவிடுகிறது. ஒற்றை டைட்டில் இசை அந்தத் தெருவுக்கு ஒரே நிறத்தில் பெயின்ட் அடிக்கிறது. மான்சினி மீது குறையே இல்லை. இதே படத்தில் ரேடியோவிலும் ஆட்டக் கூடத்திலும் ஒலிப்பதற்கு அவர் எழுதிய இசையெல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. குறை, எதை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தவர்கள் மீது.

வால்டர் மர்ச்சுக்கு இந்த வேலை ஏன் கைகூடியது என்பதற்கு அவருடைய பழைய படத்தைப் பார்க்க வேண்டும். ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்', 1974. அதுவும் ஒரு நீண்ட ஷாட்டில்தான் தொடங்குகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கம். உயரத்திலிருந்து கேமரா மெதுவாக, மிக மெதுவாக ஜூம் ஆகிறது. கூட்டம், வாத்தியக் கோஷ்டி, வருகிறவர் போகிறவரை நகல் செய்து காட்டும் ஒரு மைம் கலைஞன். அவன் ரெயின்கோட் போட்ட ஒரு ஆளின் பின்னால் போகிறான். அந்த ஆள்தான் கதாநாயகன் ஹாரி கால் (ஜீன் ஹாக்மேன்). ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகச் செய்பவன்.

படத்தை மட்டும் பார்த்தால் ஒரு மதிய வேளை, அழகான சதுக்கம். ஆனால் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே திடீர் திடீரென்று கரகரவென்று ஒரு விசித்திரச் சத்தம். ப்ரொஜெக்டர் கோளாறா, ஸ்பீக்கர் போய்விட்டதா என்று பார்க்கிறவர் நெளிவார். சற்று நேரம் கழித்துத்தான் தெரிகிறது. மாடியில் ஒரு ஆள் துப்பாக்கி மாதிரி நீளமான மைக்கை வைத்துக் கூட்டத்தில் ஒரு ஜோடியைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கரகரப்பு அவன் மைக் வழியாக வந்தது. அதாவது, படம் தொடங்கியதிலிருந்தே பார்வையாளரும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! கேட்கும் குற்றத்தில் அவருக்கும் பங்கு கொடுத்துவிட்டுத்தான் படம் கதைக்குள் போகிறது. இதை எத்தனை நிமிட ஜூம் என்று அளந்து சொல்வது, சாம்பாரை லிட்டரில் அளந்து ருசி சொல்வது மாதிரி.

வெட்டத் தெரிந்தவனின் தொடக்கம்

சரி, ஒலியை விடுங்கள். கட் செய்வது ஏதோ கையாலாகாதவன் வேலை என்ற மூடநம்பிக்கைக்கு வருவோம். கட் இல்லாவிட்டால் உயர்ந்தது, கட் இருந்தால் சாதாரணம்!

ஜெர்மனியில் 1931-ல் ஃபிரிட்ஸ் லாங் 'எம்' என்று ஒரு படம் எடுத்தார். அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றியது. திரை இருட்டாக இருக்கும்போதே ஒரு சிறுமியின் குரல் கேட்கிறது. கொலைகாரனைப் பற்றிய ஒரு விளையாட்டுப் பாட்டு. பிறகுதான் படம் வருகிறது. குடியிருப்பு முற்றத்தில் வட்டமாக நிற்கும் பிள்ளைகள்.

ஒரு தாய் சமையலறையில் மகள் எல்ஸி பள்ளியிலிருந்து வரக் காத்திருக்கிறாள். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. கட். பள்ளி வாசல், எல்ஸி பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள். ஒரு தூணில் பந்தை அடித்து விளையாடுகிறாள். அந்தத் தூணில்தான் கொலைகாரனைப் பிடித்துத் தந்தால் பரிசு என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதன் மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. கட். தாய் தட்டு வைக்கிறாள். கட். அந்த மனிதன் எல்ஸிக்கு பலூன் வாங்கித் தருகிறான், விசிலடித்துக்கொண்டே. கட். தாய் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

பிறகு அவள் "எல்ஸி" என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரலின் மேல் லாங் அடுக்குவது வெறும் காலி இடங்களை. மேலிருந்து பார்க்கும் ஆளில்லாத மாடிப்படி. துணி உலரும் காலிப் பரண். சாப்பாட்டு மேஜையில் காலித் தட்டு, காலி நாற்காலி. குரல் ஒவ்வொரு ஷாட்டிலும் தூரமாகிக்கொண்டே போகிறது. பிறகு புல்லில் உருண்டு வந்து நிற்கும் பந்து. கம்பியில் சிக்கிய பலூன்.

கொலை இல்லை. கத்தி இல்லை. ரத்தம் இல்லை. ஒரு துளி பின்னணி இசையும் இல்லை. ஒரு குரலும் சில காலி ஷாட்களும். கத்தரி இல்லாமல் இது நடக்குமா? கேமரா அந்தச் சமையலறையிலிருந்து பரணுக்கும் புல்வெளிக்கும் ஒரே மூச்சில் பறந்திருந்தால் "அட, எப்படி எடுத்தான்!" என்று தோன்றியிருக்கும். "ஐயோ, அந்தப் பிள்ளை!" என்று தோன்றியிருக்காது. இந்த இரண்டு வியப்புக்கும் உள்ள தூரம்தான் வித்தைக்கும் சினிமாவுக்கும் உள்ள தூரம்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இன்னொரு சாட்சி. ஃபீனிக்ஸ் நகரத்தின் மேலிருந்து ஹெலிகாப்டரில் ஒரே வீச்சாகப் பறந்து வந்து ஒரு ஓட்டல் ஜன்னலுக்குள் நுழைய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அன்றைய ஹெலிகாப்டரில் படம் குலுங்கியது, சரிவரவில்லை. நகரத்தைப் பக்கவாட்டில் நகர்ந்து காட்டும் சில ஷாட்களை ஒன்றில் ஒன்று கரைத்து, ஊர், தேதி, மணி என்று எழுத்தும் போட்டு, பாதி மூடிய ஜன்னலுக்குள் நுழைந்தார். படத்துக்கு என்ன குறைந்துவிட்டது? ஒன்றுமில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே டைட்டிலில் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் குடும்ப வாத்தியங்களை மட்டும் வைத்து நரம்பை அறுத்துவிட்டார். அதன்பின் வெயில் காயும் சாதாரண ஊரைக் காட்டினாலும் காது நம்ப மறுக்கிறது. ஏதோ வரப்போகிறது என்று அதற்குத் தெரியும்.

அதே 'சைக்கோ'வுக்கு ஹிட்ச்காக் வைத்த நிபந்தனையும் எல்லோருக்கும் தெரிந்ததே. படம் தொடங்கியபின் யாரையும் தியேட்டருக்குள் விடக் கூடாது. படத்தை நடுவில் வந்து பார்த்துவிட்டு, விட்டுப்போன முதல் பாதியை அடுத்த காட்சியில் பார்த்துக்கொள்வது அமெரிக்காவில் சகஜமாக இருந்த காலம் அது.

டைட்டில் என்ன பாவம் செய்தது?

இதைப் படித்துவிட்டு, தொடக்கத்தில் பெயர் போடுவதே பாவம் என்று யாரும் புதுக்கொடி பிடிக்க வேண்டாம். செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் தொடக்கம். அதன் மேல்தான் பெயர்கள் வருகின்றன. ஆனாலும் ஒரு இடத்தில் கூட உறுத்தாது.

வனாந்தரத்தில் ஒரு ரயில் நிலையம். மூன்று துப்பாக்கிக்காரர்கள் யாருக்கோ காத்திருக்கிறார்கள். லியோனியிடம் இருந்த இசையமைப்பாளர் யார் என்று நினைத்துப் பாருங்கள். என்னியோ மாரிக்கோனி! அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியில் பின்னணி இசையே வைக்கவில்லை. எண்ணெய் போடாத காற்றாலை கிறீச் கிறீச். தந்திக் கருவி கடகட, எரிச்சலில் ஒருவன் கம்பியைப் பிடுங்கிவிடுகிறான். ஒருவன் தொப்பியில் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒருவன் விரலைச் சொடுக்குகிறான். ஒருவன் முகத்தில் ஈ. அதைத் துப்பாக்கிக் குழாய்க்குள் பிடித்து விரலால் அடைத்து, உள்ளே அது ரீங்கரிப்பதைக் கேட்டு ரசிக்கிறான்.

ரயில் வருகிறது. யாரும் இறங்கவில்லை. மூவரும் திரும்புகிறார்கள். அப்போது ஒரு மவுத் ஆர்கன் கேட்கிறது. ரயில் நகர்ந்தபின் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சார்லஸ் பிரான்சன் நிற்கிறார். அந்தப் படத்தில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் கூடக் கிடையாது. ஹார்மோனிகா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு முன்னால் சத்தம் வருகிறது, சத்தமே பெயராகிறது. பத்து நிமிடம் இசையைப் பட்டினி போட்டதால்தான் அந்த நாலு சுரம் அப்படி இறங்குகிறது.

இங்கே பெயர்கள் ஏன் உறுத்தவில்லை? காத்திருப்பதுதான் காட்சியே. படிக்க நேரம் இருக்கிறது. எழுத்து காட்சியோடு சேர்ந்து காத்திருக்கிறது. வெல்ஸின் காட்சியில் ஒரு வினாடி கண்ணை எடுத்தாலும் கார் தொலைந்துவிடும். ஒரே பெயர்ப் பட்டியல்தான், ஒரு படத்தில் உடன்பிறப்பு, இன்னொன்றில் ஊடுருவல். காட்சி எதைக் கேட்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. விதி ஒன்றும் கிடையாது.

"இதெல்லாம் சராசரி ரசிகனுக்கு எதுக்கு?"

கடைசி அஸ்திரம் இதுதான். கதை நன்றாக இருந்தால் போதும், ஒலி நுணுக்கமெல்லாம் திரைப்பட விழாவில் உட்காரும் நாலு தாடிக்காரர்களுக்கு என்பார்கள்.

'ஜாஸ்' (1975) தாடிக்காரர்களுக்கு எடுத்த படமா? உலகமே வரிசையில் நின்று பார்த்த படம். அதன் தொடக்கத்தில் சுறா எங்கே? கேமரா தண்ணீருக்கு அடியில் நகர்கிறது. ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள் மாறி மாறி, வேகம் கூடிக்கொண்டே. பிறகு இரவில் கடலில் நீந்தும் ஒரு பெண்ணை ஏதோ ஒன்று கீழிருந்து இழுக்கிறது. அவள் அலறுகிறாள், பிறகு கடல் அமைதியாகிறது. கரையில் அவளோடு வந்த பையன் போதையில் கிடக்கிறான். சுறாவின் ஒரு பல் கூடத் திரையில் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்தவர்கள் எல்லாம் சராசரி ரசிகர்கள்தான். ஒலி வேலை செய்கிறது என்று தெரிந்தவனுக்கும் வேலை செய்கிறது, தெரியாதவனுக்கும் வேலை செய்கிறது. தெரியாதவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

தமிழ்ப் படத்துக்கு வாருங்கள். மணிரத்னத்தின் 'தளபதி' (1991). ரஜினி படம். ஆனால் தொடக்கத்தில் ரஜினி இல்லை, வண்ணமும் இல்லை. போகிப் பண்டிகை நாள், கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் பெண் பிள்ளை பெறுகிறாள். அந்தக் குழந்தையை ஒரு கூட்ஸ் ரயிலில் விடுகிறாள். ரயில் நகர்ந்துவிடுகிறது. வருடங்கள் கழித்து, கோயிலில் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் தெரியாமல் அருகருகே நிற்கும்போது தூரத்தில் ரயில் கூவுகிறது. தியேட்டரே உறைகிறது. வசனம் ஏதும் தேவைப்படவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஆரம்ப இருப்பு என்று ஒன்று எழுதுவார்களே, அதுபோல முதல் காட்சியில் ஒரு சத்தத்தை வரவு வைத்தார்கள், பின்னால் வட்டியோடு எடுத்தார்கள். ஆரம்ப இருப்பைப் பூஜ்யம் என்று போட்டுவிட்டுப் பின்பாதியில் எவ்வளவு அழுதாலும் ஐந்தொகை டேலி ஆகாது.

அடுத்த வருடமே, 1992-ல், 'அண்ணாமலை' வந்தது. புள்ளி புள்ளியாக வெளிச்சம் கூடி ரஜினி பெயரை எழுதும் அந்த டைட்டில் கார்டு அதில்தான் அறிமுகம். கூடவே அந்த இசை. அது மட்டமா உயர்வா என்பது வேறு கச்சேரி. ஆனால் அந்தச் சத்தம் தொடங்கியதும் விசில் பறக்கிறதே, அங்கே ஷாட்டும் இல்லை, கதையும் இல்லை. சராசரி ரசிகனுக்கு ஒலி புரியாது என்று சொல்கிறவர்கள் அந்த விசிலைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ரசிகனுக்குப் புரியாது என்று சொல்லிச் சொல்லித்தான் முதல் ஐந்து நிமிடத்தை வீணடிக்கப் பழகிவிட்டார்கள். ஊரின் பறவைப் பார்வை ஷாட், இப்போது ட்ரோன் வந்தபின் இன்னும் மலிவு. அதன் மேல் ஒரு கனத்த குரல், இந்த ஊரில் இன்னார் இன்னார், இவர்களுக்குள் இன்ன பகை என்று ரேஷன் கார்டு வாசிக்கும். பின்னணியில் தம்தம் என்று முரசு. லாங் ஒரு காலித் தட்டில் சொன்னதை இவர்கள் ஒரு பக்க வசனத்தில் சொல்லியும் மனதில் நிற்பதில்லை. அதை எடுக்கிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொடக்கத்தில் எதுவும் நடக்காது என்று தெரிந்தே பாப்கார்ன் வரிசையில் நிற்கிறார்கள். செல்போன் டார்ச்சில் இருக்கை தேடுகிறார்கள். ஓ.டி.டி.யில் தள்ளிவிட பட்டனே இருக்கிறது. எவரும் பார்ப்பதில்லை, அதனால் எவரும் உழைப்பதில்லை. எவரும் உழைப்பதில்லை, அதனால் எவரும் பார்ப்பதில்லை. இந்தச் சங்கிலியை யாராவது ஒரு பக்கம் வெட்டியாக வேண்டும். டிக்கெட் வாங்குகிறவர் வெட்டுவது சுலபம், செலவும் இல்லை.

அதற்கு ஒரு சோதனை. பிடித்த படம் எதையாவது எடுத்து முதல் ஐந்து நிமிடத்தை மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை ஒலியை அடைத்துவிட்டு. இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, காது மட்டும். மூன்றாவது முறை ஒவ்வொரு கட்டுக்கும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, ஏன் இங்கே வெட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டு. கண்ணை மூடியபோது ஒரு ஊர், ஒரு ஆள், ஒரு பயம் ஏதாவது தெரிந்தால் அந்தப் படக்காரர் வேலை செய்திருக்கிறார். வெறும் முரசுச் சத்தம் மட்டும் கேட்டால் அவர் காசை வாங்கிக்கொண்டு முதல் ஐந்து நிமிடத்தைத் தராமல் போயிருக்கிறார்.

சோதனையைத் தொடங்க 'டச் ஆஃப் ஈவில்' நல்ல படம். 1998 வடிவத்தை எடுங்கள். கண்ணை மூடுங்கள். கடைவீதிப் பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து போகும். நடுவில் ஒரு கார் ரேடியோ கேட்கும். அது பக்கத்தில் வருகிறதா, தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள். எத்தனை நிமிடம் என்று எண்ணத் தோன்றாது.